நாமக்கல் சுற்றுவட்டார எளிய நடைவழிகள்

நாமக்கல் சுற்றுவட்டார எளிய நடைவழிகள் என்பவை, நாமக்கல் நகரையும் அதைச் சூழ்ந்துள்ள சேலம் – நாமக்கல் சமவெளியின் பழைய ஊர்களையும் சொந்த வாகனம் இல்லாமல், பேருந்திலோ தொடர்வண்டியிலோ சென்று, நடந்தே பார்த்துத் திரும்புவதற்கு ஏற்ற வழிகள் ஆகும். ஒரே பாறையாக நகரின் நடுவே நிற்கும் நாமகிரி, அதில் குடையப்பட்ட இரண்டு குடைவரைக் கோயில்கள், உச்சியில் உள்ள கோட்டை, காவிரிக்கரை ஊரான மோகனூர், ஜேடர்பாளையத்தின் வாய்க்கால் கரை, திருச்செங்கோட்டுப் படிவழி, சங்ககிரிக் கோட்டையின் அடிவாரம் ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. முதியோர், சிறுவர், பள்ளிக் குழுக்கள் ஆகியோருக்குப் பயன்படும் வகையில் ஒவ்வொரு வழியிலும் எது எளிது, எது கடினம், எங்கே எச்சரிக்கை தேவை என்பதும் குறிப்பிடப்பட்டுள்ளது.

எளிய வழி என்பதன் பொருள்

இக்கட்டுரையில் எளிய வழி எனப்படுவது நான்கு தன்மைகள் உடையது. ஒன்று, பேருந்து நிறுத்தத்திலிருந்தோ தொடர்வண்டி நிலையத்திலிருந்தோ நேரடியாக நடக்கத் தொடங்கலாம். இரண்டு, மூன்று மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். மூன்று, வழிகாட்டியோ மலையேறும் கருவிகளோ தேவையில்லை. நான்கு, களைத்துப் போனவர் பாதியிலேயே திரும்பிவிடலாம். இந்த நான்காவது தன்மையே முதியோருக்கு மிக முதன்மையானது. உச்சி வரை ஏறினால்தான் பயன் என்ற எண்ணத்தால் பலர் இத்தகைய இடங்களுக்குப் போகாமலேயே இருந்துவிடுகின்றனர். இங்குள்ள பெரும்பாலான வரலாற்றுச் சின்னங்கள் மலையடிவாரத்திலோ, ஏற்றத்தின் முதல் கால் பகுதியிலோதான் உள்ளன.

போக்குவரத்து

நாமக்கல் முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997 சனவரி 1 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராக விளங்குகிறது. சேலத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், சேலம் – கரூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. சேலம், கரூர், திருச்சிராப்பள்ளி, ஈரோடு, திருச்செங்கோடு, துறையூர் ஆகிய ஊர்களிலிருந்து பேருந்துகள் உள்ளன.

நகரின் பழைய பேருந்து நிலையம் மலைக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. 2024-ஆம் ஆண்டு முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. எனவே வெளியூர்ப் பேருந்தில் வருவோர், தாம் ஏறிய பேருந்து எந்த நிலையத்தில் நிற்கும் என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. புதிய நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து நகரப் பேருந்தில் மலைக்கு வரவேண்டும்.

சேலம் – கரூர் இருப்புப்பாதையில் 2013 மே மாதம் பயணிகள் போக்குவரத்து தொடங்கியது. இராசிபுரம், நாமக்கல், மோகனூர் ஆகியவை இத்தடத்தில் உள்ள நிலையங்களாகும். விரைவு வண்டிகள் எல்லா நிலையங்களிலும் நிற்பதில்லை. மோகனூருக்குச் செல்வோர் பயணிகள் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருச்செங்கோட்டிற்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. ஈரோட்டிலோ சங்ககிரியிலோ இறங்கிப் பேருந்தில் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். இங்குக் கூறப்படும் ஊர்களுள் நகரப் பேருந்து செல்லும் இடங்களுக்குப் பெண்கள் செலவின்றியே சென்று வர இயலும். புறநகர்ப் பேருந்துகளுக்கு இச்சலுகை கிடையாது.

சிற்றூர்களுக்குச் செல்லும் பேருந்துகளின் நேரம் அவ்வப்போது மாறும். ஆகவே இறங்கியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, திரும்பும் பேருந்தின் நேரத்தையும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் நடத்துநரிடமோ நிறுத்தத்தின் தேநீர்க் கடையிலோ கேட்டுக் குறித்துக்கொள்வதாகும். கடைசிப் பேருந்தை நம்பி இருக்காமல், அதற்கு முந்திய பேருந்தில் திரும்புவதாகத் திட்டமிட வேண்டும். ஒன்று தவறினாலும் இன்னொன்று மீதம் இருக்கும்.

1. நாமகிரியைச் சுற்றிவரும் வழி

தொடக்கம்: நாமக்கல் பழைய பேருந்து நிலையம். தரை: நகரத் தெருக்கள், சமதளம். நேரம்: கோயில்களைப் பார்ப்பதையும் சேர்த்து 2 மணி.

நாமகிரி ஏறத்தாழ 65 மீட்டர் உயரம் உள்ள ஒரே பாறை ஆகும். ஊரின் பழைய பெயர் திருவாரைக்கல். பாறையைச் சுற்றி ஊர் வளர்ந்திருப்பதால், மலையை வலம் வருவதே ஊரை வலம் வருவதாக அமைந்துவிடுகிறது. நடந்து வரும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் வீடுகளுக்கு மேலாகப் பாறை தெரிந்துகொண்டே இருக்கும். அதனால் வழி தவறும் அச்சம் இல்லை.

மலையின் மேற்குப் பக்கத்தில் நரசிம்மர் கோயிலும், கிழக்குப் பக்கத்தில் அரங்கநாதர் கோயிலும் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டுள்ளன. இவை கி.பி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அரங்கநாதர் குடைவரையில் உள்ள பல்லவ கிரந்தக் கல்வெட்டு அக்கோயிலை ‘அதியேந்திர விஷ்ணு கிருகம்’ என்றும், அதை எடுப்பித்தவனைக் குணசீலன் என்றும் குறிப்பிடுகிறது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியர் மரபின் கோயில் நாமக்கல்லில் இருப்பது, அம்மரபின் செல்வாக்கு தெற்கே எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

நரசிம்மர் குடைவரையில் மூலவரைத் தவிர, சுவரில் செதுக்கப்பட்ட பெரிய புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், நிலமகளை ஏந்திய வராகர், ஓங்கி உலகளந்த திரிவிக்கிரமர், பாம்பணையில் அமர்ந்த திருமால் ஆகியவை அவற்றுள் சில. சிற்பம் கல்லிலிருந்து எவ்வளவு வெளிவந்துள்ளது என்பதைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். நேரே நின்று பார்ப்பவருக்கு உருவம் மட்டும் தெரியும். சாய்வாக நின்று பார்ப்பவருக்குச் சிற்பியின் உளி எவ்வளவு ஆழம் சென்றது என்பதும் தெரியும். அரங்கநாதர் குடைவரைக்குச் சில படிகள் ஏற வேண்டும். அங்கே கார்க்கோடகன் என்னும் பாம்பின்மேல் பள்ளிகொண்ட திருமாலும், சங்கரநாராயணர் சிற்பமும் குறிப்பிடத்தக்கவை.

நரசிம்மர் கோயிலை நோக்கியவாறு, கைகூப்பி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயர் சிலை உள்ளது. இதன் கருவறைக்கு மேற்கூரை கிடையாது. நரசிம்மர் கோயிலில் உள்ள தாயாரின் பெயர் நாமகிரித் தாயார். கணித மேதை சீனிவாச இராமானுசனின் குடும்பம் வழிபட்ட தெய்வம் இத்தாயாரே ஆவார். தம் கணித எண்ணங்களுக்கு நாமகிரித் தாயாரின் அருளே காரணம் என்று இராமானுசன் கூறிவந்ததாக அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

மலையருகே உள்ள கமலாலயக் குளம், சுற்றிவரும்போது உட்கார்ந்து இளைப்பாற ஏற்ற இடம். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து அனுமன் கொண்டுவந்த சாளக்கிராமம் இக்குளக்கரையில் வைக்கப்பட்டு, பின் எடுக்க இயலாதபடி மலையாக வளர்ந்தது என்பது தலபுராணம்.

நகரிலேயே நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் (1888–1972) நினைவு இல்லம் உள்ளது. 1930-இல் இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரை தொண்டர்கள் நடந்தே சென்ற உப்பு அறப்போரின் வழிநடைப் பாடலை இயற்றியவர் இவர். நடைப்பயணத்திற்குப் பாட்டுக் கொடுத்த கவிஞரின் வீட்டையும் நடந்தே சென்று பார்ப்பது இவ்வழிக்குப் பொருத்தமான நிறைவாக அமையும்.

கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படும். ஆகவே காலையில் தொடங்குவது நல்லது. அனுமன் செயந்தி (ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடைமாலை சாற்றப்படும் நாள்), வைகுண்ட ஏகாதசி, பங்குனித் தேர்த் திருவிழா ஆகிய நாட்களில் கூட்டம் மிகுதி. வழிபட விரும்புவோருக்கு அவை நல்ல நாட்கள். சிற்பங்களை நின்று பார்க்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. நாமக்கல் கோட்டை

தொடக்கம்: மலையடிவாரம். தரை: பாறையில் வெட்டிய படிகள். நேரம்: ஏறி இறங்க ஒரு மணி, சுற்றிப் பார்க்க அரை மணி.

பாறையின் உச்சியில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்புள்ள சமதளமும், அதன் விளிம்பைச் சுற்றிக் கோட்டை மதிலும் உள்ளன. சேந்தமங்கலம் பாளையக்காரரான இராமச்சந்திர நாயக்கர் கட்டியதாக ஒரு செய்தியும், மைசூர் அரசின் அதிகாரி ஒருவர் கட்டியதாக மற்றொரு செய்தியும் வழங்குகின்றன. 1768-இல் ஆங்கிலேயர் இக்கோட்டையைக் கைப்பற்றினர். அதே ஆண்டிலேயே ஐதர் அலி அதை மீட்டுக்கொண்டார். கோட்டைக்குள் பழைய பெருமாள் கோயில் ஒன்று உள்ளது.

ஏற்றம் குறுகியதுதான். ஆனால் படிகள் ஒரே அளவில் இல்லை. பல இடங்களில் கால்பட்டுத் தேய்ந்து வழவழப்பாக உள்ளன. மழை பெய்த மறுநாளும் பாசி படிந்திருக்கக்கூடும். இரப்பர் அடியுள்ள செருப்பு அல்லது காலணி தேவை. கையில் பொருள் எதுவும் இல்லாமல், தோள்பையுடன் ஏறுவது பாதுகாப்பு.

மேலே நின்று பார்த்தால் ஊரின் அமைப்பு வரைபடம் போலத் தெரியும். சேலம், திருச்சி, மோகனூர், பரமத்தி, திருச்செங்கோடு சாலைகள் மலையடியிலிருந்து பிரிந்து செல்வதையும், தொலைவில் கிழக்கே கொல்லிமலைத் தொடரையும் காணலாம். சமவெளியின் நடுவே நிற்கும் ஒரு பாறையைக் கைப்பற்ற ஏன் இத்தனை போர்கள் நடந்தன என்பது, மேலே நின்று நான்கு பக்கமும் பார்த்தவருக்கு விளக்கமின்றியே புரியும்.

3. மோகனூர் – காவிரிக்கரை

தொடக்கம்: மோகனூர் பேருந்து நிறுத்தம் அல்லது தொடர்வண்டி நிலையம். தரை: சமதளம், சிறு குன்றில் சில படிகள். நேரம்: 2 மணி.

நாமக்கல்லிலிருந்து தெற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் காவிரியின் வடகரையில் மோகனூர் அமைந்துள்ளது. எதிர்க்கரையில் கரூர் மாவட்டத்து வாங்கல் உள்ளது. மாங்கனிக்காகக் கோபித்துச் சென்ற முருகனைப் பார்வதி ‘மகனே’ என்று அழைத்து நிறுத்திய இடம் என்பதால் மகனூர் என்றாகி, பின் மோகனூர் ஆயிற்று என்று ஊரார் கூறுவர். இதையொட்டியே இங்குள்ள காந்தமலை என்னும் சிறு குன்றில் முருகன் கோயில் உள்ளது. முழங்கால் வலி உள்ளவரும் நின்று நின்று ஏறிவிடக்கூடிய குன்று இது.

காவிரிக்கரையை ஒட்டி அசலதீபேசுவரர் கோயில் அமைந்துள்ளது. அசையாத சுடர் உடைய இறைவன் என்பது பெயரின் பொருள். கோயில், ஆற்றுப்படித்துறை, கடைவீதி, காந்தமலை என்று வரிசையாகப் பார்த்து மீண்டும் பேருந்து நிறுத்தத்திற்கு வந்துவிடலாம். நாமக்கல் கவிஞர் பிறந்த ஊரும் இதுவே. முதல் வழியையும் இவ்வழியையும் ஒரே நாளில் இணைப்போர் காலையில் மோகனூரையும் மாலையில் நாமக்கல்லையும் வைத்துக்கொள்வது நல்லது. ஆற்றங்கரை காலையில் குளிர்ச்சியாக இருக்கும். கோயில் நடையும் மாலையில் மீண்டும் திறந்திருக்கும்.

4. கபிலர்மலை – ஜேடர்பாளையம் வாய்க்கால் வழி

தொடக்கம்: பரமத்திவேலூரிலிருந்து ஜேடர்பாளையம் செல்லும் பேருந்து. தரை: சமதளம், மண்பாதை. நேரம்: 2 முதல் 3 மணி.

பரமத்திவேலூர், நாமக்கல்லுக்கும் கரூருக்கும் இடையே காவிரிக்கரையில் உள்ள ஊர். வெற்றிலை, வாழை, தென்னை ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. இங்கிருந்து ஜேடர்பாளையம் செல்லும் வழியில் கபிலர்மலை உள்ளது. சங்கப் புலவர் கபிலர் தங்கிய இடம் என்று கருதப்படும் இச்சிறு குன்றின்மேல் முருகன் கோயில் அமைந்துள்ளது. இங்கு இறங்கி, பார்த்து முடித்துவிட்டு அடுத்த பேருந்தில் ஜேடர்பாளையம் செல்லலாம்.

ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே படுகை அணை உள்ளது. இங்கிருந்து இராசவாய்க்கால் பிரிகிறது. கொமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் ஆகிய வாய்க்கால்களுக்கும் இந்த அமைப்பின் வழியே நீர் செல்கிறது. பரமத்திவேலூர், மோகனூர் பகுதிகளின் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் இவ்வாய்க்கால்களை நம்பியே உள்ளன. இராசவாய்க்காலை வெட்டுவித்தவராக இப்பகுதித் தலைவர் அல்லாள இளைய நாயக்கர் போற்றப்படுகிறார். ஜேடர்பாளையத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் உள்ளது.

அணையருகே பூங்கா உண்டு. பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோரே மிகுதி. ஆனால் வாய்க்கால் கரையில் அரை மணி நேரம் நடந்து, வந்த வழியே திரும்புவதுதான் இவ்விடத்தின் சிறப்பை உணர்த்தும். மதகு, கிளை வாய்க்கால், வயலுக்குள் திரும்பும் மடை என்று நீர் படிப்படியாகப் பங்கிடப்படுவதை நேரில் காணலாம். சில அடி உயர வேறுபாட்டைப் பயன்படுத்தி, எந்த எந்திரமும் இல்லாமல், பல கிலோமீட்டர் தொலைவிற்கு நீர் கொண்டுசெல்லப்படுகிறது. கரை உழவர்களின் பயன்பாட்டிற்குரியது. மாட்டுவண்டிக்கும் இழுவை எந்திரத்திற்கும் வழிவிட்டு நடக்க வேண்டும். கொடிக்காலுக்குள் உரியவரைக் கேட்காமல் நுழையக் கூடாது.

காவிரியில் கவனிக்க வேண்டியவை

மோகனூர், பரமத்திவேலூர், ஜேடர்பாளையம் மூன்றிலும் காவிரி பார்வைக்கு அமைதியாகவே இருக்கும். உள்ளூரில் மழை பெய்யாவிட்டாலும் நீர்மட்டம் உயரக்கூடும். மேலே மேட்டூர் அணையும், அதற்குக் கீழே ஆற்றின் குறுக்கே பல கதவணைகளும் உள்ளன. அங்கிருந்து திறந்துவிடப்படும் நீர் சில மணி நேரத்தில் இங்கு வந்து சேரும். காலையில் நடந்து கடந்த மணல்திட்டு மாலையில் நீருக்குள் இருக்கலாம். மேலும் மணல் அள்ளப்பட்ட குழிகள் நீருக்கடியில் மறைந்துள்ளன. முழங்கால் அளவு நீரில் நிற்பவர் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் பள்ளத்தில் இறங்கிவிடுவது உண்டு. குடும்பத்தோடு வருவோர் இதனாலேயே உயிரிழக்கின்றனர்.

எனவே நடைப்பயணமாக வருவோர் ஆற்றில் இறங்காமல் இருப்பதே நல்லது. கால் நனைக்க விரும்பினால் உள்ளூர் மக்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும், படியை விட்டு இறங்காமல் நனைக்கலாம். ஆற்றின் நடுவே உள்ள மணல்திட்டுக்கோ பாறைக்கோ செல்லக் கூடாது. ஒருவர் மூழ்கினால் நீந்தத் தெரியாத மற்றவர் குதிக்கக் கூடாது. வேட்டி, சேலை, கயிறு, நீண்ட கழி ஆகியவற்றுள் எது கிடைக்கிறதோ அதைக் கரையில் படுத்தபடி நீட்ட வேண்டும். உரக்கக் கூவி ஊராரை அழைத்து, உடனே 112 அல்லது 108 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆடிப்பெருக்கன்று கூட்டமும் நீரும் சேர்ந்தே மிகும். அன்று சிறுவரின் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

5. திருச்செங்கோட்டுப் படிவழி

தொடக்கம்: திருச்செங்கோடு பேருந்து நிலையம். தரை: கற்படிகள், சுமார் 1,200. நேரம்: ஏற ஒன்றரை மணி வரை, இறங்க முக்கால் மணி.

நாமக்கல்லிலிருந்து மேற்கே சுமார் 35 கி.மீ. தொலைவில் திருச்செங்கோடு உள்ளது. மலைமேல் அர்த்தநாரீசுவரர் கோயில் அமைந்துள்ளது. தேவாரத்தில் ‘கொடிமாடச் செங்குன்றூர்’ என்று பாடப்பெற்ற தலம் இது. படிவழியில் மண்டபங்கள் பல இருப்பதால் வெயிலுக்கு ஒதுங்கி இளைப்பாறலாம். பாறையில் செதுக்கப்பட்ட 60 அடி நீளப் பாம்பு உருவமும், அறுபதாம்படி என்னும் இடமும் வழியில் காணத்தக்கவை. அறுபதாம்படியில் செய்யும் சத்தியத்தை மக்கள் மீற அஞ்சினர் என்றும், வழக்குகள் அங்கே தீர்க்கப்பட்டன என்றும் கூறுவர்.

மலைமேல் செல்லத் தார்ச்சாலையும் பேருந்து வசதியும் உள்ளன. இதனால் ஒரு பக்கம் நடந்தும் மறுபக்கம் பேருந்திலும் செல்ல இயலும். எந்தப் பக்கம் நடப்பது என்பதை அவரவர் உடல்நிலை தீர்மானிக்க வேண்டும். ஏறும்போது இதயமும் நுரையீரலும் மிகுதியாக உழைக்கின்றன. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடல் எடையைத் தடுத்து நிறுத்தும் வேலை முழங்காலுக்கும் தொடைத் தசைக்கும் வருகிறது. ஆகவே முழங்கால் வலி உள்ளவர் மெதுவாக நடந்து ஏறி, பேருந்தில் இறங்குவது நல்லது. மூச்சு வாங்குபவரும் இதய நோய் உள்ளவரும் மருத்துவரைக் கேட்டு, பேருந்தில் ஏறி, நடந்து இறங்கலாம். ‘இறங்குவது எளிது’ என்ற பொதுவான எண்ணம் முழங்காலுக்குப் பொருந்தாது. இரண்டு தொல்லையும் உள்ளவர் பேருந்திலேயே சென்று வந்து, அடிவாரத்திலிருந்து அறுபதாம்படி வரை மட்டும் நடந்து பார்க்கலாம்.

வழியில் குரங்குகள் உண்டு. உணவுப் பொட்டலத்தைக் கையில் பிடித்துச் செல்லக் கூடாது. அவற்றுக்கு உணவு கொடுப்பது அடுத்து வருவோருக்குத் தீங்காக முடியும்.

திருச்செங்கோட்டு வட்டாரத்தில் புதுப்பாளையம் என்னும் ஊரில் 1925-இல் இராசாசி தொடங்கிய காந்தி ஆசிரமம் உள்ளது. அங்கிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழில் கல்கி பணியாற்றினார். நேரம் உள்ளவர் திருச்செங்கோடு பேருந்து நிலையத்தில் விசாரித்து அங்கும் சென்று வரலாம்.

6. சங்ககிரிக் கோட்டை அடிவாரம்

தொடக்கம்: சங்ககிரி பேருந்து நிலையம். தரை: தொடக்கத்தில் எளிய ஏற்றம், மேலே செங்குத்தானது. நேரம்: கீழ்வாயில்கள் வரை சென்று திரும்ப 2 மணி.

சேலம் – ஈரோடு சாலையில் சங்ககிரி அமைந்துள்ளது. சங்ககிரித் துர்க்கம் என்னும் தொடர்வண்டி நிலையம் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில் இருப்பதால் பேருந்தே வசதியானது. திருச்செங்கோட்டிலிருந்து சுமார் 10 கி.மீ. மட்டுமே என்பதால் இரண்டையும் ஒரே பயணத்தில் இணைக்கலாம்.

விசயநகரக் காலத்தில் தொடங்கி, மைசூர் ஆட்சி, ஆங்கிலேயர் ஆட்சி என்று பல காலங்களில் இக்கோட்டை விரிவாக்கப்பட்டது. அடிவாரம் முதல் உச்சி வரை அடுக்கடுக்காக மதில்களும் வாயில்களும் உள்ளன. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை, 1805 சூலை 31 அன்று இங்குத் தூக்கிலிடப்பட்டார். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டன்று அவருக்கு இங்கு நினைவு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது.

உச்சி வரை செல்வது எளிய வழி அன்று. சமவெளியிலிருந்து சுமார் 1,500 அடி ஏற வேண்டும். வழியில் குடிநீர் கிடையாது. கீழ்வாயில்கள் வரை மட்டும் சென்றாலும் கோட்டையின் அமைப்பை அறிந்துகொள்ளலாம். வாயிலைக் கடந்தவுடன் வழி நேரே செல்லாமல் திரும்புவதைக் கவனிக்க வேண்டும். யானையோ படையோ வேகமாக ஓடிவந்து கதவை மோதாமல் தடுக்க, கோட்டை கட்டுவோர் பல நாடுகளிலும் கையாண்ட முறை இது. தனியாகச் செல்வதைத் தவிர்த்து, குழுவாகச் சென்று மாலை நான்கு மணிக்குள் இறங்கிவிட வேண்டும்.

ஏற்ற காலம்

இச்சமவெளியில் மார்ச்சு முதல் மே வரை கடும் வெயில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். மழை ஓய்ந்த டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடைக்கு மிக ஏற்ற காலமாகும். மற்ற மாதங்களில் காலை 6 முதல் 9 மணி வரை நடக்கலாம்.

மாலை வெயில் தணிந்ததும் ஏறலாம் என்று பலர் எண்ணுவர். பாறை பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கிவைத்து, மாலையில் மெல்ல வெளியிடும். ஆகவே மாலை ஐந்து மணிக்குக் காற்று குளிர்ந்திருந்தாலும் பாறைப்படி சுடும். கோயில்களில் வெறுங்காலுடன் நடக்க வேண்டியிருப்பதால், நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் காலை வேளையே சிறந்தது. நீரிழிவு நோயால் பாத உணர்ச்சி குறைந்தவருக்குக் கால் சுடுவதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். இவர்கள் பருத்திக் காலுறை அணிந்துகொள்வதும், திரும்பியவுடன் பாதத்தைப் பார்ப்பதும் இன்றியமையாதவை.

ஆளுக்கு ஒரு லிட்டர் நீர் தேவை. இளநீர், மோர், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு ஆகியவை நகரங்களில் எளிதாகக் கிடைக்கும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்று தோல் சுடுதல் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

சின்னங்களைப் பேணுதல்

நாமக்கல் குடைவரைகளும் கோட்டையும், சங்ககிரிக் கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போருக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆணியாலும் சுண்ணாம்பாலும் பெயர் எழுதுவதும் சிதைப்பதே ஆகும். குணசீலன் கல்வெட்டு ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாக நிற்கிறது. அதன் அருகில் ஒருவர் கீறும் எழுத்தை அழிக்க முயன்றால் கல்லையும் சேர்த்தே தேய்க்க வேண்டியிருக்கும். அதனால் கீறலும் போகாது, கல்வெட்டும் கெடும்.

பள்ளிக் குழுக்களுக்கு

முதல் வழியும் நான்காம் வழியும் மாணவர்க்கு மிகவும் ஏற்றவை. முன்னதில் வரலாறும் கலையும், பின்னதில் புவியியலும் வேளாண்மையும் அமைந்துள்ளன. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர், வரிசையின் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்ற ஏற்பாடு இருக்க வேண்டும். பேருந்தில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் எண்ணிக்கை சரிபார்க்க வேண்டும். மாணவர் ஒரு சிற்பத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் பார்த்து வரையட்டும். எல்லாவற்றையும் ஓடிப் பார்த்தவரைவிட, ஒன்றை நின்று பார்த்தவர் நினைவிலேயே அது நெடுநாள் இருக்கும்.

இப்பட்டியலில் சேராதவை

70 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து செல்லும் கொல்லிமலைக்கும் பேருந்து உண்டு. ஆனால் அங்குள்ள ஆகாய கங்கை அருவிக்கு ஏறத்தாழ ஆயிரம் செங்குத்தான படிகள் இறங்கி, அவற்றையே மீண்டும் ஏற வேண்டும். முதலில் இறக்கம், பின் ஏற்றம் என்பதால், களைப்பு தெரியவரும்போது பாதியில் திரும்பும் வாய்ப்பு இருக்காது. சேந்தமங்கலம் அருகே உள்ள நைனாமலையும் ஆயிரக்கணக்கான படிகள் கொண்டது. இவை இரண்டும் பழகிய கால்களுக்கு உரியவை. புதிதாக நடக்கத் தொடங்குவோர் மோகனூரிலும் நாமகிரியைச் சுற்றியும் சில முறை நடந்து பழகி, பின் திருச்செங்கோட்டுப் படியேறி, அதன் பிறகே இவற்றை எண்ணிப் பார்க்கலாம்.